சர் கங்காராம்: லாகூரைக் கட்டியவரா, தண்ணீரைத் தூக்கியவரா?

கிணற்றடி | சனி, காலை 7.05

நேற்று எங்கள் சொந்தக்காரர்கள் குழுவில் ஒரு ஃபார்வர்டு. "லாகூர் நகரத்தையே தனி ஆளாகக் கட்டிய இன்ஜினியர்" என்று ஆரம்பித்து, மியூசியம், தலைமைத் தபால் நிலையம், எய்ட்சிசன் கல்லூரி என்று வரிசையாகப் படம். கடைசியில் வழக்கம்போல் பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லி ஒரு வரி. சர் கங்காராமைப் பற்றித்தான். பல வருடமாக இந்த மனிதரைப் பற்றிக் கையில் கிடைப்பதையெல்லாம் படிக்கிறவன் நான். அதனால் பெயரைப் பார்த்ததும் சந்தோஷம், படித்து முடித்ததும் எரிச்சல்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பிறந்தது 1851-ல், லாகூருக்குப் பக்கத்து மாங்டன்வாலா கிராமத்தில். அப்பாவுக்குக் காவல் நிலையத்தில் சின்ன உத்தியோகம், பிறகு அமிர்தசரஸ் கோர்ட்டில் நகல் எழுதும் வேலை. பையன் லாகூர் அரசுக் கல்லூரிக்குப் போய், அங்கிருந்து உதவித்தொகையில் ரூர்க்கி தாம்சன் கல்லூரியில் சேர்ந்து 1873-ல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வருகிறார். பொதுப்பணித் துறை வேலை, லாகூரில் சுமார் 12 வருடம் எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர். 1903-ல் ஓய்வு. அதற்குப் பிறகு பாட்டியாலா சமஸ்தானத்தில் கொஞ்ச நாள் வேலை, கூடவே விவசாயம். அந்த விவசாயத்தில் வந்த பணத்தில் ஆஸ்பத்திரி, விதவைகள் இல்லம், வணிகக் கல்லூரி. 1922-ல் சர் பட்டம். 1927 ஜூலை 10-ல் லண்டனில் காலமானார்.

இதில் எல்லோரும் கட்டடத்தை மட்டும் படம் பிடிக்கிறார்கள். எனக்கு அவர் வாழ்க்கை முழுக்கத் தண்ணீராகத்தான் தெரிகிறது. ரூர்க்கி கல்லூரி 1847-ல் தொடங்கியதே கங்கைக் கால்வாய் வேலைக்கு ஆள் தயாரிக்கத்தான். சோலானி ஆற்றுக்கு மேலே பாலம் கட்டி அதன் மேல் கால்வாயையே ஓடவிட்ட ஊர் அது. 1880-களில் வைஸ்ராய் ரிப்பன் காலத்தில் அவரை இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டுக்கு அனுப்பினார்கள். எதற்கு? குடிநீர், சாக்கடை இரண்டையும் படித்து வர. திரும்பி வந்து பெஷாவர் குடிநீர் வேலையைப் பார்த்தார். கடைசியில் பணம் சம்பாதித்தது மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் ஏற்றி. கங்காராம் என்று பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்தார்களோ என்னவோ.

துறைக்காரர்கள், விவசாயிகள், டெல்லிப் பக்கம் இருப்பவர்கள் எல்லோரும் வாருங்கள். ஃபார்வர்டை மட்டும் இங்கே ஒட்டாதீர்கள்.


பழைய_ஏ.இ. | காலை 8.20

முப்பத்திரண்டு வருஷம் பொதுப்பணித் துறையில் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். "கட்டினார்" என்கிற வார்த்தைதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம்.

படம் வரைகிறவர் ஒருவர். எஸ்டிமேட் போட்டு, டெண்டர் விட்டு, செங்கல்லைத் தட்டிப் பார்த்து வாங்கி, எம்-புக்கில் அளவு எழுதி, பில் பாஸ் பண்ணி, மழைக்கு முன்னால் கூரை போட்டு முடிப்பவர் இன்னொருவர். முதல் ஆள் ஆர்க்கிடெக்ட். இரண்டாவது ஆள் எங்கள் ஜாதி. லாகூர் மியூசியத்துக்கும் எய்ட்சிசன் கல்லூரிக்கும் வடிவமைப்பில் பெரிய பங்கு பாய் ராம் சிங் என்பவருடையது. தச்சு வேலைக் குடும்பத்துப் பையன், லாகூர் மேயோ கலைப் பள்ளியில் லாக்வுட் கிப்ளிங்கிடம் படித்தவர். விக்டோரியா ராணிக்கு ஆஸ்போர்ன் மாளிகையில் தர்பார் கூடம் செய்து கொடுத்ததும் அவர்தான். எய்ட்சிசனில் ஸ்வின்டன் ஜேக்கப் என்ற வெள்ளைக்கார இன்ஜினியர் பெயரும் சேர்ந்து வரும். இவர்கள் இருவரையும் ஃபார்வர்டு அப்படியே முழுங்கிவிட்டது.

அதனால் கங்காராம் சும்மா கையெழுத்துப் போட்டார் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்தச் சிவப்புச் செங்கல்லில் எத்தனை வளைவு, எத்தனை ஜாலி (துளைத் தட்டி) வேலை என்று படத்தில் பாருங்கள். வரைந்து கொடுப்பவர் போய்விடுவார். வளைவுக்கு அடியில் சாரத்தை எப்போது பிரிக்கலாம் என்று ராத்திரி தூக்கம் வராமல் கிடப்பவர் எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர்தான். நான் ஒரு தாலுகா ஆபீஸ் போர்ட்டிகோவுக்கே அப்படிக் கிடந்திருக்கிறேன்!

இன்னொன்று. டெல்லி தர்பார்களில் (பிரிட்டிஷ் அரச பட்டமேற்பைக் கொண்டாடிய பெரும் கூட்டங்கள்) அவர் செய்த வேலையை யாரும் பேசுவதில்லை. 1877-ல் இளம் இன்ஜினியராகப் போனார், 1903-ல் வேலைகளுக்கு மேற்பார்வை, 1911-லும் இருந்தார். தர்பார் என்றால் சில வாரத்துக்கு மட்டும் இருக்கிற ஒரு ஊர். லட்சக்கணக்கான ஆளுக்குத் தண்ணீர், கழிவு, சாலை, விளக்கு எல்லாம் வேண்டும், முடிந்ததும் பிரித்து எடுக்க வேண்டும். கிணற்றடி சொல்வது இங்கே பொருந்துகிறது. அதுவும் தண்ணீர் வேலைதான்.


குறுக்குக்கேள்வி | காலை 9.02

எல்லோரும் ஆரத்தி எடுத்து முடித்தாச்சா? நான் கொஞ்சம் தேங்காய் உடைக்கிறேன்.

மூன்று தர்பாரிலும் வேலை பார்த்தவர், சி.ஐ.இ., எம்.வி.ஓ., சர் என்று வரிசையாக அரசுப் பட்டங்கள். வெள்ளைக்காரனுக்கு இவ்வளவு வேண்டியவருக்குத்தான் நிலம் கிடைத்தது. "தரிசு", "பாலைவனம்" என்று ஒவ்வொரு கட்டுரையிலும் எழுதுகிறீர்கள். அந்த மேட்டு நிலத்துக்குப் பஞ்சாபில் 'பார்' என்று பெயர். ஆடு மாடு ஒட்டகம் மேய்த்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக அங்கே ஆட்கள் இருந்தார்கள். 1857-ல் அதே பகுதியில் ராய் அகமது கான் கரல் தலைமையில் வெள்ளையரை எதிர்த்து நின்றவர்கள் அவர்கள். கால்வாய் வெட்டி வெளியூர் விவசாயிகளைக் கொண்டுவந்து உட்காரவைத்த அரசின் கால்வாய்க் குடியேற்றம் வந்ததும் மேய்ச்சல் நிலம் போனது, 'ஜாங்லி' என்று ஏளனப் பெயர் வந்தது. தரிசு என்று பெயர் வைத்தது வரி வசூல் பண்ணுகிற கலெக்டர். மாடு மேய்த்தவனைக் கேட்டால் வேறு பெயர் சொல்லியிருப்பான்.

கொடுத்தார் கொடுத்தார் என்கிறீர்கள். எடுத்ததைப் பற்றியும் பேசுங்கள்.


கிணற்றடி | காலை 9.15

நியாயமான கேள்வி. கால்வாய்க் குடியேற்றமே அப்படிப்பட்ட திட்டம்தான், அதில் சந்தேகம் இல்லை. கங்காராம் அந்தத் திட்டத்தை உருவாக்கியவர் இல்லை, பயன்பட்டவர். ஒரு வித்தியாசம் மட்டும் சொல்கிறேன். கால்வாய்ப் பாசனத்தில் நல்ல நிலம் வாங்கியவர்கள் ஏராளம். இவர் எடுத்தது கால்வாய்த் தண்ணீர் ஏறாத மேடு. யாரும் கேட்காத சரக்கு. அங்கேதான் இன்ஜினியருக்குள் இருந்த வியாபாரி எட்டிப் பார்க்கிறார்.


மேட்டாங்காடு | காலை 10.40

வணக்கமுங்க. இந்த இழைய எம் மருமகன்தான் அனுப்புனான், "மாமா உங்க சமாச்சாரம்"னு. நமக்குப் பல்லடம் பக்கம் ஆறு ஏக்கர். வாய்க்கா பக்கத்துல ஓடும், நம்ம காடு மூணு ஆள் உசரத்துக்கு மேல நிக்கும். தண்ணி கண்ணுக்குத் தெரியும், காட்டுக்கு வராது. அந்த வயித்தெரிச்சல் அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும். அதனால இந்தக் கங்காராம் செஞ்சது என்னன்னு எனக்கு ஒரு வரியிலயே புரிஞ்சுது.

எங்க தாத்தன் கவலை ஓட்டுனாரு. ரெண்டு எருது, தோல் சால், இறங்கு வாரியில மாட்டை ஓட்டுனா சால் மேல வரும். காலையில இருந்து வெயில் ஏறுற வரைக்கும் ஓட்டுனாலும் அரை ஏக்கர் நனைஞ்சா பெருசு. அப்பறம் ஆயில் இஞ்சின், அப்பறம் கரண்ட்டு மோட்டார்.

கணக்குப் போட்டுப் பாத்தேனுங்க, தப்பிருந்தா ஏ.இ. ஐயா திருத்தணும். ஒரு ஹெச்.பி. மோட்டார், பத்தடி தூக்கணும்னு வெச்சுக்கோங்க. சேதாரமே இல்லைன்னா நிமிசத்துக்கு 1,500 லிட்டர் ஏறணும். பம்பு, பைப்பு, மோட்டார் எல்லாத்துலயும் பாதி போயிருமுன்னு வெச்சா 750. ஒரு ஏக்கருல ஒரு அங்குலம் தண்ணி நிக்கணும்னா ஒரு லட்சத்துச் சொச்சம் லிட்டர் வேணும். ஆக, ஒரு ஹெச்.பி. ரெண்டேகால் மணி நேரம் ஓடுனா ஒரு ஏக்கருக்கு ஒரு அங்குலம்.

இப்ப அவரு எடுத்த நிலம் 50,000 ஏக்கர்னு போட்டிருக்கு. ரெனாலாங்கற ஊர்ல அவரு வெச்ச கரண்ட்டு நிலையம் சுமாரா 1,000 கிலோவாட், அதாவது 1,340 ஹெச்.பி. வகுத்துப் பாத்தா மொத்த நெலத்துக்கும் ஒரு அங்குலம் விட 84 மணி நேரம். மூணரை நாளு! மூணங்குலம் ஒரு நனைப்புன்னா பத்து நாளைக்குக் கொஞ்சம் மேல. பத்து நாளைக்கு ஒரு தண்ணின்னா எங்கூர்லயும் அதே முறைதானுங்க. கணக்கு ஒத்து வருது பாருங்க. நான் பேனாவக் கீழ வெச்சுட்டு ஒரு நிமிசம் அப்படியே உக்காந்துட்டேன்.


பழைய_ஏ.இ. | காலை 11.25

கவுண்டரே, எங்கள் ஆபீஸில் நீங்கள் இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். பெருக்கல் வகுத்தல் சரி. ஆனால் மூன்று இடத்தில் பென்சிலால் குறிக்கிறேன்.

முதலாவது, 50,000 ஏக்கரிலும் ஒரே சமயத்தில் பயிர் இருக்காது. அங்கே கோதுமைக்கு ஒரு பருவம், பருத்திக்கு ஒரு பருவம், பாதி நிலம் ஆறப்போட்டிருப்பார்கள். அதனால் தேவை குறையும். இரண்டாவது எதிர்ப்பக்கம்: அவர் வெட்டிய பாசன வாய்க்கால் மொத்தம் ஆயிரம் மைல் என்று சொல்வார்கள். அத்தனையும் மண் வாய்க்கால் என்றால் கசிவிலேயே கணிசமாகப் போகும். நீங்கள் ஏற்றியதெல்லாம் பயிருக்குப் போகாது. மூன்றாவது, பத்தடி என்பது உங்கள் ஊகம். ஆனாலும் அளவு எந்த ரகம் என்பதற்கு இந்தக் கணக்குப் போதும்.

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. அந்த மின் நிலையம் எங்கே இருக்கிறது தெரியுமா? ஒகாரா பக்கம் ரெனாலா குர்தில், கீழ் பாரி தோஆப் கால்வாயின் மேலேயே. பெரிய கால்வாயை ஒரே சரிவாக விட்டால் வேகம் கூடி அடியை அரித்துவிடும். அதனால் அங்கங்கே படி வைத்து இறக்குவார்கள். துறைப் பேச்சில் 'ஃபால்' என்போம். அந்தப் படியில் விழுகிற தண்ணீரின் சக்தி சும்மா நுரைத்து வீணாகும், அதை அடக்க நாங்களே கல்லைக் கட்டிவைப்போம். அவர் அங்கே டர்பைன் வைத்தார். கால்வாயில் விழுகிற தண்ணீர் கொடுக்கிற கரண்ட்டில், அதே கால்வாய்த் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றினார். நிலக்கரி இல்லை, எண்ணெய் இல்லை. 1925-ல் பஞ்சாப் கவர்னர் மால்கம் ஹெய்லி திறந்து வைத்தார். ஐந்து டர்பைன். அத்தனை தாழ்ந்த இறக்கத்தில் மின்சாரம் எடுக்க அந்தக் காலத்தில் துணிய வேண்டும்.

நான் சர்வீஸில் எத்தனை ஃபால் கட்டினேன், எத்தனை ஃபாலுக்கு ரிப்பேர் எஸ்டிமேட் போட்டேன். ஒரு நாள் கூட இப்படித் தோன்றவில்லை என்பதை இங்கே எழுதும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.


குறுக்குக்கேள்வி | காலை 11.50

டர்பைனுக்கு என் வணக்கம். அந்தக் கால்வாய் நாடு முழுக்கப் பிறகு நிலத்தடி நீர் மேலே ஏறி, உவர் பூத்து, நல்ல மண் பாழானதையும் சேர்த்து எழுதுங்கள் சார். தண்ணீர் விட மட்டும் படித்தவர்கள், வடிக்கப் படிக்கவில்லை.


பழைய_ஏ.இ. | பிற்பகல் 12.10

ஒத்துக்கொள்கிறேன். பஞ்சாப் கால்வாய்ப் பகுதி முழுக்க வந்த வியாதி அது. வேடிக்கை என்னவென்றால், பிராட்ஃபோர்டில் இந்த மனிதர் படித்ததில் பாதி வடிகால்தான்.


தண்டவாளம் | பிற்பகல் 12.45

யாரும் குதிரை ரயிலைச் சொல்லவில்லையே! நான் ரயில் பைத்தியம், அதற்காகவே உள்ளே வந்தேன்.

ரெனாலாவுக்கு முன்னாலேயே அவருக்கு லயால்பூர் பக்கம் (இப்போது ஃபைசலாபாத்) செனாப் குடியேற்றத்தில் நிலம் கிடைத்து, கங்காபூர் என்று ஒரு கிராமம் உண்டாக்கினார். அங்கேயும் மேட்டு நிலம், அங்கேயும் பம்பு. பக்கத்து ரயில் நிலையம் புச்சியானா. கனத்த மோட்டாரை அங்கிருந்து கிராமத்துக்குக் கொண்டுபோக ரோடு தாங்காது என்று தண்டவாளம் போட்டார் என்பது ஊர்ச்சொல். சுமார் மூன்று கிலோமீட்டர், இரண்டடி அகலப் பாதை. மோட்டார் போய்ச் சேர்ந்த பிறகு தண்டவாளத்தைப் பிடுங்கி விற்காமல், மரத் தள்ளுவண்டி மாதிரி ஒன்றை மேலே வைத்து முன்னால் ஒரு குதிரையைப் பூட்டிவிட்டார்கள். ஊர் ஜனம் முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு பக்கமும் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து போகும். 'கோடா ட்ரெயின்'. அவர் போய் அரை நூற்றாண்டு தாண்டியும் அது ஓடியது. பிறகு நின்று, 2010-ல் மறுபடி சரிசெய்து ஓட்டினார்கள்.

எஞ்சின் இல்லாத ரயில்வேயை நான் ரயில்வே என்று ஒத்துக்கொள்ளும் ஒரே இடம் அதுதான்.


கரோல்பாக்_பொண்ணு | பிற்பகல் 2.30

நான் பிறந்ததே சர் கங்காராம் ஆஸ்பத்திரியில்தான். டெல்லி, பழைய ராஜிந்தர் நகர். அப்பா மத்திய அரசு குமாஸ்தா, வீடு கரோல்பாக்கில் ஒரு மாடிப் போர்ஷன். அந்தக் காலத்தில் எங்கள் சந்தில் காலை ஆறு மணிக்கு நின்றால் இந்தி கேட்காது, காப்பிப் பொடி வாசனையும் சுப்ரபாதமும்தான்.

அம்மாவுக்குக் கடைசிவரை கங்காராம் என்றால் யாரோ ரிஷிகேஷ் சாமியார் என்று நினைப்பு. "அந்த மகான் புண்ணியத்தில் நீ பிழைச்சே" என்று வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வாள். இன்ஜினியர் என்று நான் சொன்னபோது அவளுக்கு எழுபது வயது. "இன்ஜினியரா? எந்த டிபார்ட்மென்ட்?" என்றாள். பி.டபிள்யூ.டி. என்றதும் நம்பவே இல்லை!

லாகூர் ஆஸ்பத்திரி 1921-ல் தொடங்கியது. அங்கே அவர் ஏற்படுத்திய டிரஸ்டு 1923-லிருந்து. பிரிவினையில் டிரஸ்டு நடத்தியவர்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள், கட்டடம் அந்தப் பக்கம் நின்றுவிட்டது. ராஜிந்தர் நகரே மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த அகதிகளுக்காக எழும்பிய பேட்டைதான். அங்கே சுமார் 11 ஏக்கரில் 1951-ல் நேரு அடிக்கல் வைத்து, 1954-ல் அவரே திறந்தும் வைத்தார். ஆக ஒரே பெயரில் இரண்டு நாட்டில் இரண்டு ஆஸ்பத்திரி, இரண்டும் இன்றும் ஓடுகின்றன. லாகூரில் உள்ளது ஃபாத்திமா ஜின்னா மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடக்கிறது. பெயரை மாற்றவில்லை.


நெல்லைச்சீமை | பிற்பகல் 3.10

1947-ல் லாகூரில் அவர் சிலையை ஒரு கும்பல் அடித்து நொறுக்கி, தார் பூசி, செருப்பு மாலை போடப் போனவனைப் போலீஸ் சுட்டு, அவனை கங்காராம் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். உண்மைச் சம்பவம். படிக்கும்போதே மயிர்க்கூச்செறிந்தது.


யாழ்_துலா | பிற்பகல் 3.35

அண்ணை, குறை நினையாதேங்கோ. அது சம்பவம் இல்லை, கதை. உருது எழுத்தாளர் சாதத் ஹசன் மண்டோ பிரிவினைக் கலவரத்தைப் பற்றி எழுதின குட்டிக் கதைகளில ஒண்டு. மால் ரோட்டில அவருக்குச் சிலை இருந்தது மெய். மற்றது மண்டோவின்ர பேனா. இப்ப இணையத்தில எல்லாரும் அதைச் செய்தி மாதிரிப் போட்டுப் போட்டு, கதை எழுதினவன்ர பேர் காணாமல் போச்சு.

மேட்டாங்காடு ஐயா கவலை எண்டதைப் படிக்க எங்கட ஊர்த் துலா (ஏத்தம்) ஞாபகம் வந்திட்டுது. அப்பு துலாவில ஏறி முன்னுக்கும் பின்னுக்கும் நடக்க, கீழ நிண்டு பெரியப்பா பட்டையைப் பிடிச்சு ஊத்துவார். புகையிலைத் தோட்டம். 50,000 ஏக்கருக்கு எத்தினை அப்பு வேணும் எண்டு கணக்குப் பாக்க எனக்குத் துணிவு இல்லை.


நெல்லைச்சீமை | பிற்பகல் 3.50

ஏலே, நானும் ஏமாந்துட்டேனா. நன்றி தம்பி. பதிவை அழிக்கல, இருக்கட்டும். நாலு பேர் பார்த்துத் திருந்தட்டும்.


வெண்மதி_ஆர் | மாலை 5.20

காலையிலிருந்து படிக்கிறேன். பம்பு, டர்பைன், தண்டவாளம், குதிரை எல்லாம் வந்தாச்சு. விதவைகள் இல்லம் மட்டும் முதல் பதிவில் ஒரு சொல்லோடு நிற்கிறது. ஆண்கள் கூடினால் ஹெச்.பி. கணக்குத்தான் போலிருக்கிறது.

1856-லேயே மறுமணச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்தாலும் யார் செய்து வைப்பார்கள், யார் செலவு பண்ணுவார்கள், மாப்பிள்ளை எங்கே தேடுவது? 1914-ல் அவர் லாகூரில் விதவை மறுமணத்துக்கு உதவுவதற்காகவே ஒரு சபை ஏற்படுத்தினார். சமூகத்தில் பேர் வாங்கித் தருகிற வேலை இல்லை அது. ஆஸ்பத்திரி கட்டினால் எல்லோரும் கும்பிடுவார்கள், விதவைக்குக் கல்யாணம் பண்ணி வைத்தால் சொந்த ஜாதிக்காரனே வாசலில் நின்று திட்டுவான். அறுபது வயதைத் தாண்டிய மனிதர் அதைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டார்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து செய்தது. எல்லோருக்கும் மறுமணம் தீர்வாகாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வயதானவர்கள், குழந்தை இருப்பவர்கள், வேண்டாம் என்பவர்கள். அவர்களுக்கு 1921-ல் இல்லம், கூடவே பள்ளிப் பயிற்சி, கைத்தொழில். படித்தவர்கள் பெண் பள்ளிகளுக்கு ஆசிரியைகளாகப் போனார்கள். சோறு போட்டு உட்கார வைக்கிற சத்திரமாக அவர் அதை நடத்தவில்லை. என் பாட்டியின் அக்காவுக்கு ஒன்பது வயதில் தாலி, பதினொன்றில் அறுப்பு. அறுபது வருஷம் அடுப்படியில் இருந்தாள், மாதச் சம்பளம் என்று ஒரு ரூபாய் கையில் வாங்கினதில்லை. அதனால் இந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் நான் அவர் கட்சி.

குறுக்குக்கேள்வி, இதற்கும் ஏதாவது தேங்காய் வைத்திருக்கிறீர்களா?


குறுக்குக்கேள்வி | மாலை 5.55

இல்லை அம்மா. இதற்கு இல்லை.

ஆனால் நிலத்தை விடமாட்டேன். கிணற்றடி, காலையில் ஒரு வார்த்தை சொன்னீர்கள், வியாபாரி என்று. அந்தக் குத்தகை எப்படி? சொந்தமா, கைமாற்றா? லாபம் எங்கிருந்து வந்தது?


கிணற்றடி | மாலை 6.30

குத்தகைதான், பட்டா இல்லை. மான்ட்கோமரி மாவட்டத்தில் (இன்றைய சாஹிவால், ஒகாரா பக்கம்) அரசிடம் எடுத்தது. வாய்க்கால், பம்பு, மின்சாரம் எல்லாம் அவர் கைக்காசு. மூன்று வருடத்தில் பயிர் விளைந்து நின்றது. தனியார் கைக்காசில் அந்த அளவில் அதற்குமுன் யாரும் செய்யவில்லை என்பார்கள்.

இப்போது வியாபாரியின் கண்ணால் பாருங்கள். மேட்டு நிலத்துக்கு வாடகை குறைவு, ஏனென்றால் தண்ணீர் ஏறாது. தண்ணீரை ஏற்றுகிற செலவு எவ்வளவு என்று ஊரில் யாருக்கும் தெரியாது, அவருக்குத் தெரியும். அந்த ஒரு கணக்கைத்தான் அவர் விற்றார். அவர் வைத்த முதலில் பாதி ரூர்க்கியிலும் பிராட்ஃபோர்டிலும் சம்பாதித்தது, அதை எந்த வங்கியிலும் வாங்க முடியாது. தோற்றிருந்தால்? ஓய்வூதியத்தோடு லாகூரில் கௌரவமாக இருந்திருக்க வேண்டிய மனிதர், கடனோடு போயிருப்பார். அரசுக்கு வேண்டியவர் என்பதால் குத்தகை கிடைத்தது என்பதை நான் மறுக்கவில்லை. வேண்டியவர்கள் வேறு நூறு பேர் இருந்தார்கள், அவர்களும் அந்த மேட்டைப் பார்த்துக்கொண்டுதான் போனார்கள்.

ஹெய்லி அவரைப் பற்றிச் சொன்னது பிரபலம்: வீரனைப் போல வென்றார், துறவியைப் போலக் கொடுத்தார் என்று. எனக்கு இரண்டாவது பாதி அவ்வளவாகப் பிடிக்காது. துறவிக்குக் கணக்கு கிடையாது. இவர் கொடுத்ததெல்லாம் டிரஸ்டு, பத்திரம், வருமானம், நிர்வாகக் குழு என்று கொடுத்தது. அதனால்தான் அவர் போய் இருபது வருடத்தில் நாடே இரண்டாகக் கிழிந்தும் அந்தப் பணம் டெல்லியில் இன்னொரு ஆஸ்பத்திரியாக எழும்ப முடிந்தது. ஹெய்லி பெயரில் 1927-ல் வணிகக் கல்லூரி வந்ததும் இவர் கொடையில்தான். இன்ஜினியர் இன்ஜினியரிங் கல்லூரி வைக்கவில்லை, வியாபாரம் சொல்லித்தரும் கல்லூரி வைத்தார். அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.


பழைய_ஏ.இ. | மாலை 6.50

கடைசிக் காலமும் விவசாயம்தான். 1926-ல் அமைத்த ராயல் விவசாயக் கமிஷனில் உறுப்பினர். அந்த வேலையாக லண்டன் போன இடத்தில்தான் உயிர் போனது. எழுபத்தாறு வயதில் ஊர் ஊராகச் சாட்சி விசாரணைக்கு அலைந்திருக்கிறார். நான் அறுபத்தெட்டில் ரேஷன் கடைக்குப் போக யோசிக்கிறேன்.


கரோல்பாக்_பொண்ணு | மாலை 7.15

அஸ்தியில் ஒரு பங்கு கங்கையில், மீதி லாகூரில் ராவி பக்கம். அங்கே சமாதி இருக்கிறது. 1992 டிசம்பர் கலவரத்தில் சேதப்பட்டு, பிறகு சரிசெய்தார்கள்.

இன்னொரு தகவல், தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே. அவர் கொள்ளுப் பேத்தி ஷ்ரீலா ஃபிளாதர் லாகூரில் பிறந்து இங்கிலாந்து போய், விண்ட்சர் அண்ட் மெய்டன்ஹெட் நகராட்சிக்கு மேயரானார். 1986-ல்.  பிறகு பிரபுக்கள் சபைக்கும் போனார். புடவையோடுதான் போவார்.


தண்டவாளம் | மாலை 7.20

மேயருக்கு வாழ்த்து. குதிரை ரயிலில் போனவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள், அதுதான் எனக்கு வேண்டும்.


குறுக்குக்கேள்வி | மாலை 7.40

சரி, என் கடைசி வார்த்தை. மேய்ச்சல்காரர்கள் கதையை யாராவது இதே அளவு விவரத்தோடு எழுதினால் நான் இந்த இழையைக் கும்பிட்டுவிட்டுப் போவேன். ஹெச்.பி. கணக்கு போட்ட ஐயா, உங்கள் காட்டுக்குக் கடைசியில் தண்ணீர் வந்ததா இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே.


மேட்டாங்காடு | இரவு 9.50

வந்துதுங்க. வாய்க்கால்ல இருந்து எடுக்க அனுமதி கெடைக்கல, அது வேற கதை. போர் போட்டம், 780 அடி. கங்காராம் பத்தடி தூக்குனதுக்கு இத்தனை பேரு பேசறீங்க, நாங்க 700 அடி தூக்கிட்டு இருக்கோம், தென்னைக்கு அரை மணி நேரம் வந்தா காத்துத்தான் வருது. அவரு தூக்குனது ஓடற தண்ணி, நாங்க தூக்கறது தாத்தன் சேத்து வெச்ச தண்ணி. ஏ.இ. ஐயா கிட்ட இதுக்கும் ஒரு கணக்குக் கேக்கோணும், நாளைக்குப் போடறேன்.

த்ரீ பேஸ் வந்துருச்சுங்க. மோட்டார் எடுத்துவிடப் போறேன்.